விலை குறைந்தால் மலிவாகிவிடுமா? பழைய ஸ்போர்ட்ஸ் காரும் நாம் கற்பிக்கத் தவறிய கணக்கும்



தமிழ்ப்பள்ளி ஆசிரியன் ஒருவன் பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்குவதைப் பற்றி எழுதுவதா என்று சிலர் வியக்கக்கூடும். எனக்கு அந்த வகை மகிழுந்து வாங்கும் எண்ணமும் இல்லை, வசதியும் இல்லை. ஆயினும், நம்மிடம் படித்துச் சென்ற பிள்ளைகள் வேலைக்குப் போன இரண்டு மூன்று ஆண்டுகளில் முதலில் கைவைக்கும் பெரிய கணக்கு இதுதான். வீடு வாங்கும் கணக்கு பின்னால் வருகிறது. திருமணக் கணக்கு அதற்கும் பின்னால் வருகிறது. மகிழுந்துக் கணக்கில் சறுக்கியவன், பின்னால் வரும் எல்லாக் கணக்கிலும் சறுக்குகிறான். ஆகவேதான் எழுதுகிறேன்.

2014ஆம் ஆண்டில் என் பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். வேலையில் சேர்ந்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. மாதச் சம்பளம் 3,000 வெள்ளி. "ஐயா, ஒரு ஜாமீன் கையெழுத்து வேண்டும்" என்றான். என்ன வாங்கப் போகிறாய் என்று கேட்டேன். இரண்டு கதவுகள் கொண்ட ஸ்போர்ட்ஸ் கார், 3,498 சிசி, ஏழெட்டு ஆண்டுகள் ஓடியது, விலை 95,000 வெள்ளி என்றான். புதிதாக இருந்தபோது அதன் விலை இரண்டு மடங்குக்கும் மேல் என்றும், இப்போது அள்ளிக்கொண்டு வரும் விலைக்குக் கிடைக்கிறது என்றும் கண்கள் மின்னச் சொன்னான்.

நான் அரை மணி நேரம் அறிவுரை சொன்னேன். ஆடம்பரம் கூடாது, சிக்கனம் வேண்டும், அப்பா இல்லாத வீடு, அம்மாவை நினைத்துப் பார் என்றெல்லாம் பேசினேன். கையெழுத்துப் போடவில்லை. அவன் தேநீரைக் குடித்துவிட்டு, "சரிங்க ஐயா" என்று சொல்லிப் போய்விட்டான். கணித ஆசிரியனாகிய நான், அன்று ஒரே ஒரு கணக்கைக்கூடப் போட்டுக் காட்டவில்லை. அந்தக் குற்ற உணர்வு இன்றும் என்னை விட்டு அகலவில்லை. அவனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டவர், பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் வேலை செய்த அவனுடைய தாயார்.

அன்று போட்டிருக்க வேண்டிய கணக்கு

பிற்பாடு அவனே கொண்டுவந்து காட்டிய தாள்களிலிருந்து இந்தக் கணக்கை எழுதுகிறேன்.

முன்பணம் 10,000 வெள்ளி. கடன் 85,000 வெள்ளி. ஏழு ஆண்டுகளுக்கு 4.5 விழுக்காடு வட்டி. இந்த வட்டி, குறைந்துவரும் கடனுக்குக் கணக்கிடப்பட்டதன்று. முதலில் வாங்கிய முழுத்தொகைக்கும் ஏழு ஆண்டுகளுக்கும் சேர்த்துக் கணக்கிடப்பட்டது. ஆகவே வட்டி மட்டும் 26,775 வெள்ளி. மொத்தம் 1,11,775 வெள்ளி. 84 மாதங்களுக்கு வகுத்தால் மாதத் தவணை ஏறக்குறைய 1,331 வெள்ளி. காகிதத்தில் 4.5 விழுக்காடு என்று இருந்தாலும், குறைந்துவரும் கடனுக்குரிய வட்டியாக மாற்றிப் பார்த்தால் அது எட்டு விழுக்காட்டைத் தாண்டும்.

அடுத்தது சாலை வரி. தீபகற்ப மலேசியாவில் தனியார் மகிழுந்துகளுக்கு இயந்திரக் கொள்ளளவைக் கொண்டு சாலை வரி கணக்கிடப்படுகிறது. 3,000 சிசிக்கு மேற்பட்டால் அடிப்படைத் தொகை 2,130 வெள்ளி. அதற்கு மேல் ஒவ்வொரு சிசிக்கும் 4.50 வெள்ளி. 3,498 சிசிக்கு ஆண்டுக்கு 4,371 வெள்ளி. மாதத்திற்குப் பிரித்தால் 364 வெள்ளி. காப்புறுதி ஆண்டுக்கு 3,600 வெள்ளி. மாதத்திற்கு 300 வெள்ளி. பெட்ரோல் ஊற்றுவதற்கு முன்னரே மாதம் 1,995 வெள்ளி போய்விட்டது. 3,000 வெள்ளிச் சம்பளத்தில் மிச்சம் என்ன இருக்கும்?

இரண்டாம் ஆண்டில் கியர்பெட்டி பழுதானது. அப்போதுதான் அந்த மகிழுந்து முன்பு மோதி நேராக்கப்பட்டது என்பதும் பட்டறையில் தெரியவந்தது. பழுதுபார்ப்புக்கு 9,000 வெள்ளி. அதைக் கடன் அட்டையில் கட்டினான். பிறகு தவணை நின்றது. 1967ஆம் ஆண்டு வாடகைக் கொள்முதல் சட்டப்படி, தொடர்ந்து இரண்டு தவணைகள் தவறினால் அறிவிப்புக் கடிதம் கொடுத்து, 21 நாள்களுக்குப் பின் வாகனத்தை இழுத்துச் செல்லலாம். இழுத்துச் சென்றார்கள். ஏலத்தில் 46,000 வெள்ளிக்குப் போனது.

அவன் 20 மாதங்கள் தவணை கட்டியிருந்தான். அதாவது 26,620 வெள்ளி. ஆனால், கடன் 85,000 வெள்ளியிலிருந்து ஏறக்குறைய 69,500 வெள்ளிக்குத்தான் குறைந்திருந்தது. வட்டி முன்னால் நின்று சாப்பிட்டுவிட்டது. ஏலத் தொகை போக, 23,500 வெள்ளி பாக்கி நின்றது. மகிழுந்து கையில் இல்லை; கடன் மட்டும் இருந்தது. 55 வயதில் கைக்கு வந்த ஊழியர் சேமநிதியிலிருந்து அந்தத் தாயார் அதைக் கட்டி முடித்தார்.

முன்பணம், கட்டிய தவணைகள், கடைசிப் பாக்கி ஆகிய மூன்றையும் கூட்டுங்கள்: 60,120 வெள்ளி. அதை 20 மாதங்களால் வகுத்தால் மாதம் 3,006 வெள்ளி. அவனுடைய முழுச் சம்பளமும் அந்த மகிழுந்துக்கே போயிருக்கிறது. சாலை வரியும் காப்புறுதியும் பெட்ரோலும் கியர்பெட்டியும் இதில் சேரவில்லை!

தேய்மானம் எப்படி வேலை செய்கிறது?

அவனை ஏமாற்றியது எது? "புதிதில் இரண்டு மடங்கு விலை, இப்போது பாதிக்கும் குறைவு" என்ற எண்ணம்தான். விலை விழுந்தது உண்மை. ஆனால், விழுந்து முடிந்துவிட்டது என்று அவன் நினைத்தது பிழை.

ஓர் எளிய கணக்கைப் பாருங்கள். புதிய மகிழுந்தின் விலை 2,00,000 வெள்ளி என்றும், ஆண்டுதோறும் 15 விழுக்காடு மதிப்புத் தேய்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். முதலாண்டு இழப்பு 30,000 வெள்ளி. இரண்டாம் ஆண்டில் 25,500. மூன்றாம் ஆண்டில் 21,675. ஐந்தாண்டு முடிவில் மிஞ்சும் மதிப்பு ஏறக்குறைய 88,700 வெள்ளி. விழுக்காடு மாறவில்லை, வெள்ளிக் கணக்கில் இழப்பு மட்டும் ஆண்டுக்கு ஆண்டு சுருங்குகிறது. முதல் உரிமையாளர் ஐந்தாண்டுகளில் இழந்தது 1,11,300 வெள்ளி. அதை 88,700 வெள்ளிக்கு வாங்கியவர் அடுத்த ஐந்தாண்டுகளில் இழப்பது 49,300 வெள்ளி.

பயன்படுத்திய மகிழுந்து வாங்குவதற்கு ஆதரவாகச் சொல்லப்படும் நியாயம் இதுதான், அதில் தவறில்லை. பெரிய பள்ளத்தில் முதல் ஆள் விழுந்துவிட்டார். நாம் சிறிய பள்ளத்தில் இறங்குகிறோம். ஆனாலும் 49,300 வெள்ளி என்பது பள்ளமே இல்லாமல் போய்விடவில்லை. ஆண்டுக்கு ஏறத்தாழ 9,900 வெள்ளி, நிறுத்தி வைத்த இடத்திலேயே கரைகிறது. வாங்குபவர் தமக்குத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய முதல் கேள்வி, "என்ன விலை?" என்பதன்று. "நான் விற்கும்போது என்ன விலைக்குப் போகும்? இடைப்பட்ட ஆண்டுகளால் வகுத்தால் ஆண்டுக்கு எவ்வளவு?" என்பதுதான்.

சிங்கப்பூரில் இந்தக் கேள்வி விளம்பரத்திலேயே பதிலோடு நிற்கிறது. அங்கு 1990ஆம் ஆண்டு முதல் வாகன உரிமைச் சான்றிதழ் முறை நடப்பில் உள்ளது. அச்சான்றிதழ் பத்தாண்டுகளுக்குச் செல்லும். முடிவு நாள் முன்கூட்டியே தெரிந்திருப்பதால், விற்பனைக்கு வரும் மகிழுந்தின் விலைக்குப் பக்கத்தில் ஆண்டுத் தேய்மானம் இத்தனை வெள்ளி என்று போட்டுவிடுகிறார்கள். பாலத்துக்கு இப்புறம் நம் விளம்பரங்களில் கொட்டை எழுத்தில் இருப்பது எது? "மாதம் இவ்வளவுதான்!" என்பது. அங்கே இழப்பைக் காட்டி விற்கிறார்கள். இங்கே தவணையைக் காட்டி விற்கிறார்கள். தவணையைப் பார்த்து வாங்குபவன் தேய்மானத்தைப் பார்ப்பதே இல்லை.

மகிழுந்து தேயும், உதிரிப்பாகம் தேயாது

ஸ்போர்ட்ஸ் கார் விஷயத்தில் இன்னொரு வலை இருக்கிறது. பதினைந்து ஆண்டுகளுக்கு முன் நான்கு இலட்சம் வெள்ளிக்கு விற்ற ஜெர்மானிய இரு கதவு மகிழுந்து, இன்று ஒரு சாதாரணக் குடும்ப மகிழுந்தின் விலைக்குக் கிடைக்கிறது. ஆனால், அதன் பிரேக் தட்டும் அதிர்வுத் தாங்கியும் மின்னணுப் பெட்டியும் குடும்ப மகிழுந்தின் விலைக்குக் கிடைப்பதில்லை. அவை இன்றும் நான்கு இலட்சம் வெள்ளி மகிழுந்துக்கு உரிய உதிரிப்பாகங்களே. யானையின் விலை குறைந்துவிட்டது என்பதற்காக அது தின்னும் தீனி குறைந்துவிடுமா? யானை வாங்குபவர் தீனிக்கும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

நான்கு ஆண்டுகள் வைத்திருந்து விற்பதாகக் கொண்டு இரண்டு மகிழுந்துகளை ஒப்பிட்டுப் பார்ப்போம். விலைகளும் பழுதுபார்ப்புத் தொகைகளும் கணக்குக்காக நான் எடுத்துக்கொண்டவை. சாலை வரி மட்டும் அட்டவணைப்படி.

முதல் மகிழுந்து (15 ஆண்டுப் பழைய ஜெர்மானிய இரு கதவு, 3,498 சிசி):
வாங்கும் விலை 60,000; விற்கும் விலை 36,000; தேய்மானம் 24,000 வெள்ளி.
சாலை வரி 4,371 x 4 = 17,484 வெள்ளி.
காப்புறுதி 2,800 x 4 = 11,200 வெள்ளி.
பராமரிப்பு 9,000 x 4 = 36,000 வெள்ளி.
மொத்தம் 88,684 வெள்ளி. மாதம் ஏறத்தாழ 1,848 வெள்ளி.

இரண்டாம் மகிழுந்து (ஜப்பானிய இரு கதவு, 1,998 சிசி):
வாங்கும் விலை 90,000. விற்கும் விலை 70,000. தேய்மானம் 20,000 வெள்ளி.
சாலை வரி 379 x 4 = 1,516 வெள்ளி.
காப்புறுதி 3,400 x 4 = 13,600 வெள்ளி.
பராமரிப்பு 4,000 x 4 = 16,000 வெள்ளி.
மொத்தம் 51,116 வெள்ளி. மாதம் ஏறத்தாழ 1,065 வெள்ளி.

30,000 வெள்ளி அதிகம் கொடுத்து வாங்கியது, நான்கு ஆண்டு முடிவில் 37,568 வெள்ளி குறைவாகச் செலவு வைக்கிறது! அந்த 30,000 வெள்ளியைக் கடன் வாங்கி, ஆண்டுக்கு 4 விழுக்காடு வட்டி கட்டினாலும், நான்கு ஆண்டுக்கு 4,800 வெள்ளிதான் கூடும். அப்போதும் இரண்டாவதே இலாபம். விலை குறைந்தது எல்லாம் மலிவானது அன்று என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

சாலை வரியை மட்டும் பார்த்து முடிவு செய்வதும் ஆபத்தே. 2003ஆம் ஆண்டில் வெளிவந்த மஸ்டா ஆர்எக்ஸ்-8 மகிழுந்தின் சுழல் இயந்திரம் 1,308 சிசிதான். அட்டவணைப்படி அந்த அளவுக்குச் சாலை வரி 70 வெள்ளி. ஒரு சிறிய குடும்ப மகிழுந்தின் வரிக்கு ஸ்போர்ட்ஸ் கார்! ஆனால், அந்த இயந்திரம் தன் அமைப்பினாலேயே பெட்ரோலையும் எண்ணெயையும் கூடுதலாகக் குடிக்கும். சுழலியின் முனைகளில் இருக்கும் அடைப்பான்கள் தேய்ந்தால் அழுத்தம் குறைந்து, இயந்திரத்தையே பிரித்துக் கட்ட வேண்டிவரும். அத்தகைய மகிழுந்தை வாங்குபவர், அழுத்தச் சோதனை செய்யாமல் ஒரு வெள்ளிகூடக் கொடுக்கக்கூடாது. வரியில் மிச்சப்படுத்தியதைப் பட்டறையில் கொடுப்பதில் என்ன சிறப்பு?

மதிப்பு எதில் நிற்கிறது?

எல்லா ஸ்போர்ட்ஸ் கார்களும் ஒரே வேகத்தில் தேய்வதில்லை. ஜப்பானில் 2007ஆம் ஆண்டில் வெளிவந்த ஹோண்டா சிவிக் டைப் ஆர் நம் நாட்டிலும் விற்கப்பட்டது. நான்கு கதவுகள், 1,998 சிசி, ஆறு வேகக் கைமுறைக் கியர். அது இன்றும் நல்ல விலைக்குக் கைமாறுகிறது. 1998ஆம் ஆண்டில் வந்த நம் நாட்டுப் புரோட்டோன் சத்ரியா ஜிடிஐ-யும் அப்படியே. ஒரு காலத்தில் மலிவாகக் கிடைத்த அதை, இன்று நல்ல நிலையில் தேடிப்பிடிப்பதே கடினம். காரணங்களை வரிசைப்படுத்தினால் இப்படி வரும்:

1. எண்ணிக்கை குறைவு, அதே தன்மையில் புதியது வருவதில்லை.
2. கைமுறைக் கியர். இப்போது அது அருகி வருகிறது.
3. உதிரிப்பாகம் மற்ற சாதாரண மகிழுந்துகளோடு பகிர்ந்துகொள்ளப்படுவதால் எளிதில் கிடைக்கிறது.
4. சாலை வரி தாங்கக்கூடிய அளவில் இருப்பதால், அடுத்து வாங்குபவரும் அஞ்சுவதில்லை.

இந்த நான்காவது காரணத்தைப் பலர் கவனிப்பதில்லை. நமக்குச் சுமையாக இருக்கும் செலவு, நம்மிடமிருந்து வாங்கப்போகிறவருக்கும் சுமைதான். அவர் அந்தச் சுமையை விலையில் கழித்துக்கொள்வார். ஆண்டுக்கு 4,371 வெள்ளி சாலை வரி கட்ட அஞ்சி ஒதுங்குபவர்கள் எத்தனை பேரோ, அத்தனை பேர் குறைந்த சந்தையில்தான் அதை விற்க வேண்டும்.

ஒரே வகையில் இரண்டு மகிழுந்துகள் நின்றால் எதற்கு மதிப்பு அதிகம்? மாற்றம் செய்யப்படாததற்கே. இளைஞர்கள் 8,000 வெள்ளிக்குச் சக்கரமும் புகைக்குழாயும் இறகும் மாட்டுகிறார்கள். விற்கும்போது அந்த 8,000 வெள்ளி திரும்பி வருவதில்லை. அடுத்தவருக்கு அந்த அலங்காரம் ஐயத்தைத்தான் தருகிறது: "இதை எப்படி ஓட்டியிருப்பான்?"

வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியவை

பழுதுபார்ப்புப் பதிவேடு இருக்கிறதா? ஓடிய தூரம் காட்டும் எண்ணைத் திருத்திவிடலாம். ஆனால், சுக்கானின் வழவழப்பையும் இருக்கையின் ஓரக் கிழிசலையும் மிதிகட்டையின் தேய்வையும் அவ்வளவு எளிதில் திருத்த முடியாது. 60,000 கிலோமீட்டர் மட்டுமே ஓடியதாகச் சொல்லப்படும் மகிழுந்தின் மிதிகட்டை வழுக்கையாக இருந்தால் கேள்வி கேளுங்கள்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். டயரின் பூக்கள் ஆழமாக இருக்கலாம். வயது ஆகியிருந்தால் வேகமான மகிழுந்தில் அது உயிருக்கே உலை வைக்கும்.

ஜப்பானிலிருந்து இறக்குமதியான பழைய மகிழுந்து என்றால், அந்நாட்டு ஏலத் தாளின் மூலத்தைக் கேட்டுப் பாருங்கள். 4, 4.5 போன்ற தர எண்கள் நல்ல நிலையைக் குறிக்கும். ‘ஆர்’ என்ற எழுத்து, மோதிப் பழுதுபார்க்கப்பட்டதைக் குறிக்கும். உரிமை மாற்றத்துக்கான பரிசோதனையில் தேறியது என்று விற்பவர் சொன்னால், அதை இயந்திரத்தின் உடல்நலச் சான்றிதழாகக் கொள்ள வேண்டா. வாங்குபவருடைய சார்பில், விற்பவருக்குத் தொடர்பில்லாத ஒரு பட்டறையில் தூக்கி நிறுத்திப் பார்க்க வேண்டும். அதற்கு ஆகும் சில நூறு வெள்ளியை வீண் என்று நினைப்பவர்தான் பின்னர் 9,000 வெள்ளி கட்டுகிறார்.

காப்புறுதி நிறுவனத்திடம் முன்கூட்டியே விலை கேட்டுவிடுங்கள். 2017ஆம் ஆண்டு முதல் வாகனக் காப்புறுதிக் கட்டணம் படிப்படியாகத் தளர்த்தப்பட்டதால், வாகனத்தின் வகை, ஓட்டுநரின் வயது ஆகியவற்றைப் பொறுத்து நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுகிறது. 25 வயது இளைஞனும் பழைய ஸ்போர்ட்ஸ் காரும் சேர்ந்தால் எந்த நிறுவனமும் மகிழ்ந்து வரவேற்காது.

"இது முதலீடு ஐயா!"

இளைஞர்கள் சொல்லும் வலுவான வாதம் ஒன்றுண்டு. "சில ஸ்போர்ட்ஸ் கார்களின் விலை ஏறுகிறதே?" என்கிறார்கள். உண்மைதான். 1983 முதல் 1987 வரை தயாரிக்கப்பட்ட டொயோட்டா ஏஇ86, ஜப்பானியச் சித்திரக்கதை ஒன்றின் புகழால் உலகெங்கும் விலை ஏறியது. 1999ஆம் ஆண்டில் வெளிவந்த நிசான் ஸ்கைலைன் ஜிடி-ஆர் (ஆர்34) வகையும் ஏறியது. 25 ஆண்டுகள் கடந்த வெளிநாட்டு மகிழுந்துகளை இறக்குமதி செய்ய அமெரிக்காவில் சட்டம் இடம் தருவதால், 2024ஆம் ஆண்டு முதல் அவற்றுக்கு அங்கும் கதவு திறந்தது.

ஆனால், நாம் பார்ப்பது ஏறியவற்றை மட்டுமே. மரத்தில் மோதியவையும் பட்டறைக் கொட்டகையில் துருப்பிடித்தவையும் உதிரிப்பாகமாகப் பிரிக்கப்பட்டவையும் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. அவை அழிந்ததால்தான் எஞ்சியவற்றின் விலை ஏறியது. அன்றியும், ஏறிய மகிழுந்துகள் மழை படாமல், தினமும் ஓடாமல், மாற்றம் செய்யப்படாமல் காக்கப்பட்டவை. தினமும் வேலைக்கு ஓட்டிச் செல்லவும் வேண்டும், விலையும் ஏற வேண்டும் என்பது, கரும்பையும் தின்று கூலியும் கேட்பது போன்றது. அப்படி நடந்தால் மகிழ்ச்சி. அதை நம்பித் தவணைக் கடன் எடுக்கலாகாது.

விலை நம் கையிலும் இல்லை. நம் நாட்டில் மகிழுந்துகளுக்கான கலால் வரி 60 முதல் 105 விழுக்காடு வரை விதிக்கப்படுகிறது. விலையில் பெரும்பங்கு வரியாக இருக்கும் நாட்டில், வரி அசைந்தால் சந்தையே அசையும். 2018ஆம் ஆண்டு ஜூன் முதல் நாளில் பொருள் சேவை வரி சுழியமானது. 2020ஆம் ஆண்டு ஜூன் 15ஆம் நாள் முதல் 2022ஆம் ஆண்டு நடுப்பகுதி வரை விற்பனை வரிச் சலுகை இருந்தது. அத்தகைய வேளைகளில் புதிய மகிழுந்து மலிவாகும்; முதல் நாள் பழைய மகிழுந்து வாங்கியவர் வீட்டில் உட்கார்ந்தபடியே நட்டப்படுவார். ஆகவே, விற்கும் விலையை மதிப்பிடும்போது நம்பிக்கையோடு எழுதாதீர்கள், கஞ்சத்தனத்தோடு எழுதுங்கள்.

பெற்றோருக்கும் ஆசிரியருக்கும்

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்குவதே தவறு என்று நான் சொல்ல வரவில்லை. ஆசை இல்லாத இளமை எங்கே இருக்கிறது? தேய்மானம் என்பது அந்த மகிழ்ச்சிக்குக் கொடுக்கும் கட்டணம். மாதம் 1,065 வெள்ளி கொடுத்து மகிழத் தன் வருமானம் இடம் தருகிறது என்று தெரிந்தே ஒருவன் வாங்கினால், அதைக் குறைசொல்ல நாம் யார்? தெரியாமல் கொடுப்பதும், தாயின் சேமநிதியிலிருந்து கொடுப்பதும்தான் தவறு.

பெற்றோர்களே, மகன் ஆசையோடு வந்து நிற்கும்போது உடனே "கூடாது" என்று சொல்லாதீர்கள். நான் சொல்லிப் பார்த்துவிட்டேன், பயனில்லை. ஒரு தாளையும் எழுதுகோலையும் எடுத்து அவன் முன் வையுங்கள். ஐந்து வரிகள் போதும்: தேய்மானம், வட்டி, சாலை வரி, காப்புறுதி, பராமரிப்பு. அவன் கையாலேயே எழுதிக் கூட்டட்டும். மாதத்திற்கு வகுக்கட்டும். பெட்ரோலும் சேர்த்துச் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் அந்த மகிழுந்து அவனுக்கு இன்னும் உரியதன்று என்பது என் கருத்து. ஜாமீன் கையெழுத்து என்பது ஆசீர்வாதம் அன்று. மகன் கட்டாவிட்டால் நான் கட்டுகிறேன் என்னும் ஒப்பந்தம் என்பதையும் மறவாதீர்கள்.

ஆசிரிய நண்பர்களே, விழுக்காட்டையும் இலாப நட்டத்தையும் வட்டியையும் நாம் ஆண்டுதோறும் கற்பிக்கிறோம். முருகன் 12 மாம்பழங்களை வாங்கி விற்றுக்கொண்டே இருக்கிறான். அவன் எப்போது வளர்ந்து மகிழுந்து வாங்கப் போகிறான்? ஆறாம் ஆண்டில் ஒரே ஒரு பாடவேளையை ஒதுக்கி, 2,00,000 வெள்ளி மகிழுந்து ஆண்டுக்கு 15 விழுக்காடு தேய்ந்தால் ஐந்தாண்டில் என்ன ஆகும் என்று கேட்டுப் பாருங்கள். மகிழுந்து என்றதும் கடைசி வரிசைப் பையன்களும் நிமிர்ந்து உட்காருவார்கள். நான் கற்பிக்காததை அந்தத் தம்பிக்குக் கற்பித்தது ஒரு மகிழுந்து விற்பனையாளரும் ஓர் ஏலக்கூடமும். கட்டணம் 60,000 வெள்ளி.

சென்ற ஆண்டு இறுதியில் இன்னொரு பழைய மாணவன் வந்தான். அதே ஆசை, வேறு மகிழுந்து. இம்முறை நான் அறிவுரை ஒன்றும் சொல்லவில்லை. மேலே கண்ட இரண்டு மகிழுந்துகளின் கணக்கை அவனோடு உட்கார்ந்து எழுதினேன். தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனான். இரண்டு வாரம் கழித்து, மூன்றாவதாக ஒரு மகிழுந்தின் கணக்கைத் தானே எழுதிக் கொண்டுவந்தான்.

"ஐயா, நீங்கள் டயரை மறந்துவிட்டீர்கள். இந்த மாதிரி வண்டிக்கு நான்கு டயரும் மாற்றினால் இரண்டாயிரத்துக்கு மேல் ஆகும், நான்கு ஆண்டில் இரண்டு முறை மாற்ற வேண்டும்" என்றான்.

என் கணக்கு தவறு என்று ஒரு மாணவன் சொன்னபோது இத்தனை மகிழ்ந்தது எனக்கு நினைவில்லை. அவன் இன்னும் வாங்கவில்லை. வாங்கினாலும் எனக்குக் கவலையில்லை.

சிந்திப்போம், கணக்கிடுவோம், கற்பிப்போம்.

அன்புடன்,
உங்களில் ஓர் ஆசிரியன்